வீட்டைச் சுமந்த வண்டி

சில்லு தோன்றிய நாளிலேயே குலுக்கமும் உடன்தோன்றிற்று எனலாம். ஐரோப்பியர் முன்னாளில் பயண வண்டிகளின் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வண்டி வினைஞரான ஒபதையா எலியற் எஃகுத் தகடுகளால் நீள்வட்ட வில்லை அமைத்தார். வண்டியின் பாரமும் அதனாற் குறைந்தது.

வீட்டையே வண்டியில் ஏற்றிச் செல்லும் ஆசை இச்சிக்கலைப் புதுப்பித்தது. ஜேர்மனியில் 1950இல் உற்பத்தியான வொல்க்ஸ்வாகன் வானில், 1951 முதல் வெஸ்ற்பாலியா நிறுவனத்தார் படுக்கை முதலிய வசதிகளைப் பொருத்தலாயினர். முறுக்கேறும் எஃகுத் தண்டுகளே அதற்கு வில்லாயின. வில்லை மென்மையாக்கினாற் சுமையால் வண்டி தாழும், வளைவிற் சாயும். வன்மையாக்கினால் ஏறியவர் உடல் நோகும். அன்றியும், பின்னச்சின் இரு பாதிகளும் உள்முனையில் மட்டுமே மூட்டுடையனவாதலின், சில்லு ஏறி இறங்குந்தோறும் சரிந்தது. விரைந்து திரும்புகையில் தரைப்பிடி தளர்ந்து ஆபத்து நேரக்கூடும்.

1967இல் வந்த இரண்டாம் தலைமுறை வானில் வெளிமுனையிலும் மூட்டு அமைந்தது. சில்லு பெரிதும் நிமிர்ந்து நின்றது. 1979இல் வந்த மூன்றாம் தலைமுறையிலே தண்டுகளின் இடத்தைச் சுருள்வில்கள் பெற்றன.

வில் ஏற்ற அதிர்வை, தணிப்பானிலுள்ள எண்ணெய் வெப்பமாக்கி அடக்குகிறது. அது பழுதுற்றால் நல்ல வில்லும் துள்ளும். ஆகவே, பழைய வண்டியைச் சீர்செய்வோர் மென்மையை மட்டும் நாடலாகாது. சில்லு தரையை விடாதிருந்தாற்றான் சுகமும் உண்டு, உயிர்க்காவலும் உண்டு.