எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் உலோகம் களைதல்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் நோயாளி செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, உடலில் அணிந்துள்ள உலோகத்தைக் கழற்றுவது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் போன நோயாளியின் உறவினர், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே இந்த விதி துணைக்கு வருபவருக்கும் உண்டு. தாலியைக் கழற்றப் பெண்கள் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்பார்கள். உண்மைதான். ஆனால் தாலிச் சரடில் மாட்டியிருக்கும் ஊக்கை இழுக்கும். தங்கச் சங்கிலியும் ரேடியோ அலையால் சூடேறித் தோலைச் சுடலாம், படத்தையும் கெடுக்கலாம். உலோகமில்லாத மஞ்சள் கயிற்றுக்குத் தடையில்லை. பேஸ்மேக்கரோ மூளை ரத்தக்குழாயில் கிளிப்போ உள்ளவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை முன்கூட்டியே காட்ட வேண்டும்.