தெரியா எண்ணைத் தனித்துக் காணல்: புறாக்கணக்கும் சமன்பாடும்

மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளுள் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. தாராவியில் தமிழ்வழிப் பயிலும் மாணவர் ‘சமன்பாடு’ எனக் கற்பதையே மராத்திவழிப் பயிலும் அண்டைவீட்டு மாணவர் ‘சமீகரண்’ எனக் கற்கிறார். இரு சொற்களும் சமமாக்குதல் என்னும் கருத்தினவே. ஆயினும், மராத்திச் சொல் வடமொழிக் கணித நூல்களின் வழிவந்தது; தமிழ்ச் சொல் பிற்காலக் கலைச்சொல்லாக்கத்தின் பயன். எனின், இச்சொல் தோன்றுமுன் தெரியா எண் தமிழில் எவ்வாறு காணப்பட்டது என்னும் வினா எழுகின்றது.

செவிவழி வழங்கும் புறாக்கணக்கு இதற்குத் தக்க சான்றாகும். பறந்து செல்லும் கூட்டத்தைக் கண்ட ஒரு புறா, அவை நூறோ என வினவுகிறது. கூட்டமும், அதே அளவும், அதிற் பாதியும், பாதியிற் பாதியும், வினவிய புறாவும் சேர்ந்தாலே நூறு என்பது விடை. வினவிய புறாவை நீக்க 99 எஞ்சும். கூட்டத்தை 4 எனக் கொண்டால் 4, 4, 2, 1 ஆகியவை கூடி 11 ஆகும். 99ஐ 11ஆல் வகுக்க 9. அதனை 4ஆல் பெருக்க 36. இம்முறையைப் பாஸ்கரரின் லீலாவதி (1150) ‘இஷ்டகர்மம்’ என்று கூறும்.

இன்றைய மாணவர் கூட்டத்தைக் ‘க’ எனக் குறித்து, 1ஐ மறுபக்கம் கொண்டுசென்று, 11க/4 = 99 என எழுதி, க = 36 எனக் காண்பார். விடை ஒன்றே, வழி வேறு. முன்னதில் தெரியா எண்ணுக்குப் பெயரில்லை. அதனிடத்தில் வசதியான ஓர் எண் கொள்ளப்படுகிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஆரியபடர் 499இல் தெரியா விலையுடைய பொருளைக் ‘குளிகை’ எனக் குறித்து ஒரு விதி வகுத்தார். ஒருவரிடம் 6 குளிகையும் 10 பணமும், மற்றவரிடம் 4 குளிகையும் 30 பணமும் இருந்து, இருவர் செல்வமும் சமம் எனக் கொள்வோம். பணவேறுபாடு 20, குளிகை வேறுபாடு 2, ஆகவே ஒரு குளிகை 10 பணம். இங்கே தெரியா எண் இருபுறமும் நிற்கிறது. குளிகையை 1 எனக் கொண்டால் ஒருபுறம் 16, மறுபுறம் 34. இவற்றை வகுத்துப் பெருக்கி விடை காண இயலாது. முதலில் குளிகைகளை ஒருபுறமும் பணத்தை மறுபுறமும் சேர்க்க வேண்டும். பிரம்மகுப்தர் 628இல் தெரியா எண்ணை ‘அவ்யக்தம்’, அதாவது வெளிப்படாதது, என வழங்கினார்.

தமிழில் இத்துறைக்கு அச்சுநூல் தந்தவர் யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை. அவரது ‘வீசகணிதம்’ 1855இல் வெளிவந்தது. வித்து எனப் பொருள்படும் ‘பீஜம்’ என்னும் வடசொல்லே இங்கு ‘வீசம்’ ஆயிற்று. பதினாறில் ஒன்றைக் குறிக்கும் தமிழ் ‘வீசம்’ வேறு.

கணக்கதிகாரம் முதலிய நூல்களில் இயற்கணிதம் உண்டு என்பார் உளர். விடை பொருந்துவது மட்டுமே அதற்குச் சான்றாகாது. தெரியா எண் பெயர்பெற்று, இருபுறமும் நின்று, ஒருபுறம் சேர்க்கப்படும் கணக்கு ஒன்றேனும் காட்டப்பெறல் வேண்டும். சுவடிகளை ஆராய்வோர் இவ்வளவுகோலைக் கொள்வாராயின், நம் முன்னோர் கணக்கறிவின் பெருமையும் எல்லையும் ஒருங்கே தெளிவாகும். எல்லையைக் கூறுதல் பெருமையைக் குறைப்பதாகாது. எழுதுகோலின்றிச் செவிவழியே 36ஐக் காணும் திறம் தனித்துப் போற்றத்தக்கதே.