"செல்ஃப்" எடுக்காத கார்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. அவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு விரிந்து கிடக்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரம் வளரும் காடு இது. இங்கே காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். உதட்டை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும்.

இத்தகைய கரையோர ஊர்களில் கார் வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒலித்துவிட்டுச் சும்மா இருக்கும். "செல்ஃப் எடுக்கவில்லை" என்பார்கள். நான்கு பேர் தள்ளுவார்கள், வண்டி கிளம்பிவிடும். பாட்டரியை மாற்றுவார்கள், சில நாள் சரியாக இருக்கும். பிறகு மீண்டும் அதே "டக்".

ஒரேயடியாக வந்துவிடும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் பழுதுதான் பொல்லாதது. மெக்கானிக்கின் முன்னால் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். நடுவழியில் நோயாளியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கைவிடும். இப்பழுதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், எஞ்சினை எப்படிக் கிளப்புவது என்று மனிதன் திண்டாடிய வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய சிக்கல்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அவை மூடிக்குள் மறைந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தானாகப் புறப்படாத பொறி

நீராவிப் பொறியில் கொதிகலனில் நீராவி சேர்ந்ததும் அடைப்பைத் திறந்தால் போதும். பொறி நகரத் தொடங்கும். பெட்ரோல் எஞ்சின் அப்படியன்று. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உருளைக்குள் இழுத்து, அதை ஏழெட்டில் ஒரு பங்காக அழுத்தி, சரியான நொடியில் தீப்பொறி இட்டால்தான் அதற்கு உயிர் வரும். ஆனால் இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்க வேண்டும்! ஆகவே முதற்சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட்டாக வேண்டும்.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. எஞ்சின் கிளம்ப மூன்று பொருள்கள் வேண்டும்: சுழற்சி, எரிபொருட்கலவை, தீப்பொறி. கிளம்பாத எந்தப் பெட்ரோல் வண்டியிலும் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கும்.

உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே இவற்றுள் இரண்டு தொல்லை கொடுத்தன. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் அவ்வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எஞ்சினைக் கிளப்ப, பின்புறமிருந்த பெரிய சுழற்சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வழியில் எரிபொருட்குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பியில் செருகும் ஊசியால் அம்மையார் அடைப்பை நீக்கினார். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. காலுறைப் பட்டியைச் சுற்றி அதைக் காப்பிட்டார். எரிபொருளை வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். காரைப் பழுதுபார்த்த முதல் மெக்கானிக் ஒரு பெண்மணியே என்று சொன்னால் மிகையாகாது.

கையை முறித்த கைப்பிடி

பிற்காலத்தில் சுழற்சக்கரத்தின் இடத்தை எஞ்சினின் முன்புறம் செருகும் வளைந்த இரும்புக் கைப்பிடி பிடித்துக்கொண்டது. "ஹேண்டில் போடுவது" என்று நம் ஓட்டுநர்கள் இதைத்தான் சொல்வார்கள். இதற்கு வலிமை மட்டுமன்றி எச்சரிக்கையும் வேண்டும். தீப்பொறி சற்று முன்னதாக விழுந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே கலவை வெடித்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி வேகமாகத் திரும்பி மணிக்கட்டைத் தாக்கும். முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையில் ஏற்படும் ஒருவகை முறிவை மருத்துவர்கள் இன்றும் "கார் ஓட்டுநர் முறிவு" என்றே குறிப்பிடுகிறார்கள். கட்டைவிரலால் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற நான்கு விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது அக்கால ஓட்டுநருக்குப் பாலபாடம்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியியலர் இதற்கு விடிவு கண்டார். அவர் முன்பு கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்திற்கு மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் இடைவிடாமல் சுழல வேண்டியதில்லை. சில நொடிகள் பெருவிசை தந்தால் போதும். கார் எஞ்சினுக்கும் அதுவே போதும் என்று அவர் உணர்ந்தார். இடைவிடாது சுழன்றால் எரிந்துபோகக்கூடிய ஒரு சிறு மோட்டாரை, சில நொடிகளுக்கு மட்டும் அதன் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம் அல்லவா? 1911ஆம் ஆண்டில் அவர் இக்கருவியை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. ஃபோர்டு "டி" கார்களில் 1919ஆம் ஆண்டில் இவ்வசதி இடம்பெற்றது.

இச்சிறு மோட்டார் ஒரு பெரிய போட்டியையும் முடித்துவைத்தது. அதுவரை கைப்பிடிக்கு அஞ்சிய பலர் மின்சாரக் கார்களை விரும்பி வாங்கினர். பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் காரும் கிளம்பும் என்றானதும், நெடுந்தூரம் ஓடும் பெட்ரோல் காரே வென்றது.

தமிழகத்தில்

சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டிலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். 1912ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூர்-புதுக்கோட்டைப் பகுதியில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது வந்தவை கரிவாயு பஸ்கள். வண்டியோடு பொருத்திய உயரமான உலையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் இத்தகைய உலைகளை உருவாக்கி வழங்கியது. இதில் வண்டியைக் கிளப்புவது ஒரு தனி வேலை. உலையை மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றி, கரி கனன்று வாயு உண்டாகும் வரை காத்திருக்க வேண்டும். கொஞ்சம் கவனம் தவறினால் அதே வாயு உயிரையும் குடிக்கும்.

விடுதலைக்குப்பின் கிளப்பும் கருவிகள் இந்நாட்டிலேயே உருவாயின. 1951ஆம் ஆண்டில் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு ஸ்பார்க் பிளக் முதலியவற்றைச் செய்தது. 1961ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தோன்றி ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைச் செய்யலாயிற்று. எனினும் அம்பாசடர் காரில் இரும்புக் கைப்பிடியும், அதைச் செருக முன்புறம் ஒரு துளையும் நெடுங்காலம் இருந்தன. "செல்ஃபை நம்பு, ஆனால் கைப்பிடியை விட்டுவிடாதே" என்பது அக்கால ஓட்டுநரின் கொள்கை.

பழுதுக்கும் பஞ்சாங்கம் உண்டு

பழைய ஓட்டுநர்கள் பழுதைப் பருவத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருந்தார்கள். அதில் நல்ல அறிவியல் இருக்கிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் சிறிது தூரம் ஓடி நின்ற கார் உடனே மறுபடி கிளம்பாது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளுவதற்காக அமைந்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் சரியாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படியும். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பதே மருந்து.

மார்கழிக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. எண்ணெயும் சற்றுத் தடித்திருக்கும். ஆகவே சோக்கை இழுத்துக் கலவையில் பெட்ரோலை மிகுதியாக்குவார்கள்.

இவற்றைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். வந்து போகும் பழுது தன்னிச்சையாக வருவதில்லை. வெப்பம், ஈரம், குளிர், நெடுநேர ஓய்வு இவற்றில் ஏதோ ஒன்றைத் தொடர்ந்தே வருகிறது. "என்ன பழுது?" என்பதற்கு முன் "எப்போது வருகிறது?" என்று கேட்பவரே பாதி வழியைக் கடந்தவர்.

உப்புக் காற்றின் கைவரிசை

கடற்கரையில் மட்டும் பருவம் பார்க்காத பகை ஒன்று உண்டு, அதுதான் உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். உலோகத்தின்மேல் உப்புநீர்ப் படலம் நிலைத்துவிட்டால் அங்கே ஒரு சிறு மின்வேதி உலையே ஏற்பட்டுவிடும். பிச்சாவரத்து வெண்கண்டல் மரம் மிகையான உப்பை இலைகளின் வழியே வெளியேற்றி வாழ்கிறது. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இரும்புக்கும் செம்புக்கும் அந்த வித்தை தெரியாது.

மின்கலம், துருப்பிடித்தல் ஆகிய இரண்டையும் ஆராய நம் மாநிலத்திலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடையாக வழங்கிய நிலத்தில், 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. நாட்டின் எப்பகுதியில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகிறது என்று காட்டும் வரைபடத்தை அந்நிலையம் உருவாக்கியுள்ளது. கரையை விட்டு உள்நாட்டுக்குச் செல்லச் செல்ல உப்பரிப்பு வெகுவாகக் குறைகிறது.

இனி அந்தக் காலைநேர "டக்" ஒலிக்கு வருவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றச் சுமார் 150 ஆம்பியர் மின்சாரம் வேண்டும் என்று கொள்வோம். பாட்டரி முனையிலோ, பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் "எர்த்" பட்டையிலோ உப்பரித்து, 0.03 ஓம் என்னும் மிகச் சிறு தடை உண்டாகியிருக்கிறது. ஓம் விதியின்படி 150 ஆம்பியரை 0.03 ஓமால் பெருக்கினால் 4.5 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பூஞ்சணத்திலேயே தொலைந்துவிடும். மோட்டாரால் எஞ்சினைச் சுழற்ற முடியாது.

ஆனால் முன்விளக்கைப் போட்டுப் பாருங்கள், பளிச்சென்று எரியும்! விளக்குக்கு வேண்டியது 8 ஆம்பியர்தான். அதே தடையில் அது இழப்பது கால் வோல்ட்டுக்கும் குறைவு. "விளக்கு எரிகிறது, ஆகவே இணைப்பு சரி, பாட்டரிதான் பலவீனம்" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது. புதிய பாட்டரி மாட்டும்போது முனைகளைச் சுரண்டித் துடைப்பதால் சில நாள் வண்டி கிளம்பும். புகழ் புதிய பாட்டரிக்குப் போய்விடும். குற்றவாளியான எர்த் பட்டை பழையபடியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வோல்ட்மீட்டர் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உலோக உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் அங்கே தடை இருக்கிறது. அதே வேளையில் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியே பலவீனம். இரண்டும் சரியாக இருந்தும் மோட்டார் சுழலவில்லையென்றால் மற்ற இணைப்புகளையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கலாம்.

இரவெல்லாம் நின்ற பிறகே பழுது வருகிறது என்றால் மின்கசிவையும் நினைக்க வேண்டும். அணையாத ஒரு சிறு விளக்கு அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய காரின் பாட்டரி மூன்று நாளில் காலியாகும்.

மறையாத பழைய பகை

இன்றைய கார்களில் காபுரேட்டர் இல்லை, சோக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. கணிப்பொறி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. கைப்பிடி செருகும் துளை என்றோ மறைந்துவிட்டது. வெயிலும் மழையும் முன்போல் வண்டியை நிறுத்துவதில்லை. ஆனால் அந்தக் கணிப்பொறிக்கும் அதே எர்த் இணைப்புதான். உப்பு அரித்த இடத்தில் மின்னழுத்தம் தடுமாறினால் கணிப்பொறியும் தடுமாறும்.

கெட்டரிங்கின் மோட்டாரால் தோற்ற மின்சாரக் கார் இப்போது திரும்பி வந்திருக்கிறது. அதைச் சுழற்றிக் கிளப்ப வேண்டியதில்லை. ஆயினும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளை விழிக்கச் செய்ய ஒரு 12 வோல்ட் பாட்டரி அதிலும் உண்டு. பல வண்டிகளில் அது பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் கண்ட ஈயம்-அமில வகையே. அது இறங்கிப்போனால், பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் வண்டி அசையாது.

எனவே அடுத்த முறை "டக்" என்று கேட்டால், பணப்பையைத் திறக்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். பாட்டரி முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? எர்த் பட்டையின் திருகு துருவேறித் தளர்ந்திருக்கிறதா? முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு இணைப்புகளைச் சுரண்டித் துடையுங்கள். இறுக்கிப் பூட்டியபின் மேலே சிறிது வாசலின் தடவுங்கள். கடற்கரையில் வாழ்பவர்கள் இதை மழைக்கு முன்னும் பின்னும் வழக்கமாகக் கொள்வது நல்லது. செலவு சில ரூபாய்கள். வேண்டியது அரைமணி நேரமும் ஓம் விதியும்.