அனிமே, மாங்காவை ஜப்பான் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? பாடம், மொழி, செலவு, வேலை: முழு விவரம்

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. டோரேமானையும் ஷின்சானையும் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று ஐடி கம்பெனியிலும் வங்கியிலும் வேலை பார்க்கிறது. அதில் சிலருக்காவது இந்த யோசனை வந்திருக்கும்: “இதையே சீரியஸா படிச்சா என்ன?”

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். “மாங்கா படிக்க ஜப்பான் போறியா? நம்ம ஊர்ல கிடைக்காத மாங்காவா?”

கேலியை ஒதுக்கி வைப்போம். ஜப்பானில் மாங்காவுக்கென்று தனிப் புலமே உள்ள பல்கலைக்கழகம் இருக்கிறது. முனைவர் பட்டம் வரை போகலாம். ஆனால் கையிலிருக்கும் வேலையை விட்டுப் போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய உண்டு.

வரையப் போறீங்களா, ஆராயப் போறீங்களா?

பலரும் குழம்பும் இடம் இதுதான். மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு.

முதலாவது, தொழிற்கல்லூரி. பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. வரைதல், அசைவூட்டம், குரல் நடிப்பு என்று நேரடியாகத் தொழிலைக் கற்றுத் தருவார்கள். இது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது.

இரண்டாவது, கலைப் பல்கலைக்கழகம். இங்கும் படைப்புதான் மையம், ஆனால் பட்டப் படிப்பு. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் 2008 முதல் அனிமேஷனுக்கு முதுகலைப் படிப்பு நடத்துகிறது.

மூன்றாவது, ஆய்வு. இங்கே உங்கள் கையில் தூரிகை இருக்க வேண்டியதில்லை. இலக்கியம், சமூகவியல், வரலாறு, ஊடகவியல் துறைகளின் கருவிகளை வைத்து மாங்காவையும் அனிமேவையும் ஆராய்வீர்கள். ‘ரசிகனா இருக்கேன், ஆனா எனக்கு வரைய வராது’ என்பவருக்கான வழி இதுதான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியைப் பற்றியது.

எப்போ பல்கலைக்கழகத்துக்குள்ள வந்தது?

ஜப்பானிலும் மாங்காவுக்கு எடுத்த எடுப்பில் மரியாதை கிடைத்துவிடவில்லை. பிள்ளைகளைக் கெடுக்கும் புத்தகம் என்ற பேச்சு அங்கேயும் பல காலம் இருந்தது.

கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 1973-லேயே கார்ட்டூன் பாடத்தைத் தொடங்கியது. 2000-ல் மாங்காவுக்குத் தனித் துறை வந்தது. 2006-ல் அது தனிப் புலமாக உயர்ந்தது. ஜப்பானில் அதுதான் முதல் முறை. 1970-களில் பெண்களுக்கான மாங்காவின் போக்கையே மாற்றிய படைப்பாளிகளில் ஒருவரான கெய்கோ தகேமியா அங்கே பேராசிரியராக இருந்தார். 2014-ல் அதன் தலைவராகவும் ஆனார். அவருக்குப் பின் 2018-ல் தலைவரானவர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பிறந்த உஸ்பி சாக்கோ. வெளிநாட்டவருக்கு அங்கே இடம் உண்டா என்று யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

மாங்கா ஆய்வுக்கான ஜப்பானியக் கழகம் 2001-ல் உருவானது. ஆங்கிலத்தில் ‘மெக்கடேமியா’ என்ற ஆய்விதழ் 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வரத் தொடங்கியது. ஆக, இந்தத் துறைக்குச் சுமார் 25 வயது. உங்களில் பலரைவிட இளையது.

வகுப்புல என்னதான் படிப்பாங்க?

நாள் முழுக்க அனிமே பார்ப்பது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முக்கியமாக நான்கு வகைக் கேள்விகள் எழும்.

ஒன்று, வடிவம். ஒரு பக்கத்தில் கட்டங்கள் ஏன் அப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன? பெரிய கட்டம் கண்ணை எங்கே நிறுத்துகிறது, சிறியவை எப்படி வேகம் கூட்டுகின்றன? படம், சொல், கட்டம் என்று மூன்றாகப் பிரித்து மாங்காவை வாசிக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபுசானொசுகே நட்சுமே. நாவலாசிரியர் சோசெகி நட்சுமேயின் பேரன் அவர். எல்லாவற்றையும் ஒசாமு தெசுகாவிடமிருந்தே தொடங்கும் பழக்கத்தைக் கேள்வி கேட்டு 2005-ல் வந்த கோ இத்தோவின் ‘தெசுகா இஸ் டெட்’ நூலும் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

இரண்டு, பணம். டிவி தொடராக ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேரப் படம் தயாரிக்க ஆகும் செலவை டிவி கொடுத்த தொகை ஈடுகட்டவில்லை. அதனால் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அசைவைச் சிக்கனமாக்கினார்கள். பற்றாக்குறையைப் பொம்மையும் ஸ்டிக்கரும் மிட்டாயும் சேர்ந்து நிரப்பின. மார்க் ஸ்டைன்பெர்க் 2012-ல் எழுதிய ‘அனிமேஸ் மீடியா மிக்ஸ்’ இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்குப் பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்து ‘தயாரிப்புக் குழு’ அமைத்து முதலீட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நஷ்டம் வந்தாலும் யாரும் ஒரேயடியாக மூழ்க மாட்டார்கள். ஆனால் லாபம் வந்தால் அது முதலீடு போட்டவர்களுக்குத்தான். வரைந்த ஸ்டூடியோ அந்தக் குழுவில் இல்லாவிட்டால், கூலியோடு சரி.

மூன்று, மொழி. ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்குப் பல சொற்கள். ‘ஓரே’ என்றால் முரட்டுப் பையன், ‘போக்கு’ என்றால் கொஞ்சம் சாது, ‘வாஷி’ என்றால் தாத்தா. நிஜத்தில் எந்தத் தாத்தாவும் மாங்கா தாத்தாவைப் போலப் பேசுவதில்லை. இப்படிப் பாத்திரத்துக்கென்றே இருக்கும் பேச்சுக்கு ‘யாகுவாரிகோ’ என்று பேர் வைத்து ஆராய்ந்தவர் ஒசாகா பல்கலைக்கழகத்தின் சதோஷி கின்சுய். சப்டைட்டிலில் இது மொத்தமும் காணாமல் போய்விடும். தமிழ் டப்பிங்கில் ஒரு பாத்திரத்துக்குச் சென்னைத் தமிழும் இன்னொன்றுக்குக் கொங்குத் தமிழும் கொடுத்தால் என்ன ஆகும்? நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல ஆய்வுக் கேள்வி இது. ஏனென்றால் இதற்குத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும்.

நான்கு, நினைவும் அரசியலும். ஹிரோஷிமா அணுகுண்டில் தப்பிய கெய்ஜி நகசாவா, தன் அனுபவத்தை அடிப்படையாக வைத்து 1973-ல் ‘பேர்ஃபுட் ஜென்’ தொடரை எழுதத் தொடங்கினார். அது வெளிவந்தது ஒரு சிறுவர் வார இதழில்! 2012-ல் மட்சுவே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் அதைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப் படிக்க முடியாதபடி செய்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது, 2013 ஆகஸ்டில் தடை விலக்கப்பட்டது. 2023-ல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து அதை நீக்கியது. போரை யார் நினைவில் வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது என்ற சண்டை ஒரு மாங்காவைச் சுற்றி இன்னும் நடக்கிறது.

ஆராய்ச்சிக்குப் பொருள் எங்கே கிடைக்கும்?

பழைய வார இதழ்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காக அச்சடிக்கப்பட்டவை. யாரோ சேர்த்து வைத்ததால்தான் ஆய்வு நடக்கிறது. ஜப்பானுக்கே போக வேண்டிய முக்கியக் காரணமும் இதுதான்.

கியோத்தோவின் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் 2006-ல் திறக்கப்பட்ட கியோத்தோ சர்வதேச மாங்கா அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் பொருட்கள் உள்ளன. டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தின் யோஷிஹிரோ யோனேசாவா நினைவு நூலகம் 2009-ல் திறக்கப்பட்டது. ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட புத்தகங்களை விற்கும் ‘காமிக்கெட்’ சந்தையை 1975-ல் தொடங்கியவர்களில் ஒருவர் யோனேசாவா. ஒரு ரசிகர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது இன்று ஆய்வு நூலகம். மாங்காவின் கையால் வரைந்த மூலப் படங்களைப் பாதுகாக்க, அகிதா மாகாணத்தில் யோகொத்தே மசுதா அருங்காட்சியகம் இருக்கிறது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலப் படங்கள் அங்கே உள்ளன.

சரி, ஆய்வேட்டில் மாங்காவின் கட்டங்களை அச்சிடலாமா? காப்புரிமைப் பிரச்சினை வராதா? இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. மாங்கா எழுத்தாளர் யோஷினோரி கொபயாஷியின் கருத்துகளை விமர்சித்து 1997-ல் சதோஷி உயெசுகி எழுதிய நூலில் கொபயாஷியின் படக் கட்டங்களே மேற்கோளாக இடம்பெற்றன. கொபயாஷி வழக்குத் தொடுத்தார். 1999-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அது முறையான மேற்கோள்தான் என்றது. 2000-ல் உயர் நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே சொன்னது. கட்டங்களின் அமைப்பை மாற்றி அச்சிட்ட ஓர் இடத்தில் மட்டும் தவறு கண்டது. ஆக, விமர்சனத்துக்குத் தேவையான அளவு, மாற்றாமல், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லி எடுத்தாளலாம்.

ஜப்பானிய மொழி தெரியணுமா?

நேர்மையான பதில்: ஆமாம். சோபியா, வாசெதா, மெய்ஜி போன்ற பல்கலைக்கழகங்களில் ஜப்பானியப் பண்பாட்டை ஆங்கிலத்தில் படிக்க வழி உண்டு. ஆனால் 1970-களின் இதழ்களும் அவற்றைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் உள்ளன. அது தெரியாமல் ஆய்வு செய்வது, சினிமாவை டிரெய்லர் மட்டும் பார்த்து விமர்சிப்பது மாதிரி.

ஜேஎல்பிடி தேர்வில் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள். ஜப்பானிய மொழியில் நடக்கும் வகுப்புக்குக் குறைந்தது என்2, பெரும்பாலும் என்1 தேவை. இந்தியாவில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் இந்தத் தேர்வு நடக்கிறது. சென்னையிலும் மையம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் என்2 எட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வசதி: சிறுவர் மாங்காவில் கஞ்சி எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைச் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். படிக்கப் பழக இது கைகொடுக்கும்.

செலவு எவ்வளவு?

தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். சேரும்போது ஒருமுறை 2,82,000 யென். இப்போதைய மதிப்பில் முறையே சுமார் 3 லட்சம், 1.6 லட்சம் ரூபாய். சில தேசியப் பல்கலைக்கழகங்கள் இதைவிட அதிகம் வாங்குகின்றன. செய்க்கா, மெய்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் செலவு இன்னும் கூடும். வீட்டு வாடகை, சாப்பாடு தனி. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

ஜப்பான் அரசின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகை கிடைத்தால் கதையே வேறு. கல்விக் கட்டணம், விமான டிக்கெட், அதோடு மாதம் 1.4 லட்சம் யென்னுக்குச் சற்று அதிகம். ஆய்வு மாணவர் பிரிவுக்கு 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமையானது.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியது

முதலில் உங்கள் பட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் முதுகலை சேர 16 ஆண்டுக் கல்வி தேவை. பிஇ, பிடெக் படித்தவர்களுக்கு 12-ம் 4-ம் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும். மூன்றாண்டு பிஏ, பிஎஸ்சி, பிகாம் என்றால் 15 தான் வரும். அப்படியானால் பல்கலைக்கழகத்திடம் தனித் தகுதிப் பரிசீலனை கேட்க வேண்டும். இதை முன்கூட்டியே விசாரிக்காவிட்டால் ஓர் ஆண்டு வீணாகும்.

அடுத்து, ஆய்வுத் திட்டம். பலர் முதலில் ‘கென்கியூசெய்’ என்ற பட்டமில்லா ஆய்வு மாணவராகச் சேர்ந்து, பிறகு முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். அதற்கு ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். “எனக்கு நருட்டோ ரொம்பப் பிடிக்கும்” என்று மெயில் அனுப்பினால் பதில் வருவது சந்தேகம். எந்தப் படைப்பு, எந்தக் காலம், என்ன கேள்வி, எந்த ஆவணம் என்று தெளிவாக எழுதுங்கள். அந்தப் பேராசிரியரின் ஒரு கட்டுரையாவது படித்திருக்க வேண்டும்.

படிச்சா வேலை கிடைக்குமா?

ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அனிமே சந்தையின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பணம் வரைபவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. 2024-ல் ஐ.நா. மனித உரிமை நிபுணர் குழு ஜப்பான் பற்றிய அறிக்கையில், அனிமே துறையின் குறைந்த சம்பளத்தையும் மிதமிஞ்சிய வேலை நேரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள் போகும் இடம் வேறு: மொழிபெயர்ப்பு, டப்பிங் எழுத்து, உரிம வணிகம், பதிப்பகம், அருங்காட்சியகம், ஆசிரியப் பணி. பேராசிரியர் இடங்கள் எங்கேயும் குறைவு. பட்டம் தனியாகச் சோறு போடாது. என்1 அளவு ஜப்பானிய மொழியும் உங்கள் பழைய தொழிலும் அதனுடன் சேர்ந்தால்தான் மதிப்பு. சட்டம் தெரிந்தவர் உரிமத்துக்குப் போகலாம். மென்பொருள் தெரிந்தவர் ஆவணங்களை டிஜிட்டலாக்கும் வேலைக்குப் போகலாம்.

வேலையை விடாம தொடங்க முடியுமா?

முடியும். ஜேஎன்யு, டெல்லி பல்கலைக்கழகம், ஹைதராபாத் இஃப்ளு, சாந்திநிகேதனின் நிப்பான் பவன் ஆகியவை ஜப்பானிய மொழியும் பண்பாடும் கற்க நம் நாட்டிலேயே உள்ள இடங்கள். அவ்வளவு தூரமும் வேண்டாம் என்றால் இந்த ஓராண்டுத் திட்டத்தை முயலுங்கள். டிசம்பர் ஜேஎல்பிடி-யில் என்5 அல்லது என்4 எழுதுங்கள். தாமஸ் லமார் எழுதிய ‘தி அனிமே மெஷின்’, ஹிரோக்கி அசுமாவின் ஒடாக்கு பற்றிய நூல் இரண்டையும் வாசியுங்கள். பிடித்த ஒரு மாங்காவின் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து, கட்டம் கட்டமாக 2,000 சொல்லில் எழுதிப் பாருங்கள்.

அந்த 2,000 சொல்லை எழுதும்போது அலுப்புத் தட்டினால், ரசிகராகவே இருந்துவிடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை, வேலையும் மிஞ்சும். எழுதி முடித்ததும் இன்னும் பத்துக் கேள்விகள் கிளம்பினால், அடுத்த ஏப்ரல், மே மாதவாக்கில் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் இணையதளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். மெக்ஸ்ட் அறிவிப்பு வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் வரும்.