வழக்கறிஞர் வகுத்த கதை மன்றம்

வழக்கு என்னும் சொல் தமிழில் இருபொருள்படும். உலகத்தார் சொற்களை வழங்கும் நெறியும் வழக்கே. அறங்கூறும் அவையத்தே முறையிட்டு நிற்கும் பூசலும் வழக்கே. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்றோர், ஆராயாது விதித்த தீர்ப்பு எத்துணைக் கேடு பயக்கும் என்பதனை நன்கு அறிவர். ஆண்டு ஒரு சிலம்பு சான்றாய் நின்றது. சான்று காட்டவும் வழியின்றித் தன் பெயரையே பறிகொடுத்த பெண்ணொருத்திக்கு யாவர் வழக்குரைப்பார்? இவ்வினாவைக் கதையாக்கிய ஆங்கில ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம். சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆகியும் அத்தொழிலை விடுத்து, மக்கள் உள்ளத்தின் இருண்ட மூலைகளை ஆராயும் திகிற்கதைகளை இயற்றிய வில்கி காலின்ஸ் என்பாரே அவர்.

இவர் 1824-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் காலின்ஸ், இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் பெயர் பெற்ற ஓவியர். மைந்தரைத் தேயிலை வணிகர் ஒருவரிடம் தொழில் பழக விடுத்தனர். ஐந்தாண்டுகள் ஆங்கிருந்தும் அவருக்கு வணிகத்தில் மனம் பொருந்தவில்லை. கணக்கெழுத வேண்டிய வேளையிற் கதையெழுதினார். பின்னர் 1846-இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்து 1851-இல் பாரிஸ்டராயினார். ஆயினும், அத்தொழிலை அவர் நடத்தினாரல்லர். அதற்கு முன்னரே, 1850-இல், அவருடைய முதல் நாவல் அச்சேறிவிட்டது. சார்லஸ் டிக்கென்ஸ் என்னும் பேராசிரியரின் நட்பும் 1851-இல் வாய்த்தது.

இத்தகைய மைந்தரைப் பெற்றோர் யாது கூறுவர்? "பொருள் செலவிட்டுச் சட்டம் கற்பித்தோம், பையன் கதையெழுதிக் கெட்டான்" என்பர். பள்ளியிற் பணியாற்றும் எம்மிடம் இவ்வாறு வந்து வருந்தினோர் பலர். காலின்ஸ் கற்ற சட்டம் வீணாயிற்றா என்பதை இனி ஆராய்வோம்.

ஒருகால் இவர் இலண்டனிற் குற்ற விசாரணை ஒன்றைக் காணச் சென்றிருந்தார். சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டேறித் தாம் அறிந்த துணுக்கை மட்டும் சொல்லி இறங்கினர். முழுச் செய்தியும் அறிந்தவர் அவருள் ஒருவரும் இலர். ஆயினும், அத்துணுக்குகள் ஒன்றோடொன்று இயைந்து உண்மையாகிய சங்கிலி உருவாவதை அவர் கண்டார். கதையையும் இம்முறையிற் சொல்லலாகாதா என்னும் எண்ணம் அன்று தோன்றிற்று.

முறை இவ்வாறு கிடைத்தது. பொருளோ பாரிஸ் நகரத்துப் பழைய புத்தகக் கடையிற் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டின் பேர்பெற்ற வழக்குகளைத் தொகுத்த நூல் அது. அதில் மதாம் தெ தூவோல் என்னும் சீமாட்டியின் வழக்கு ஒன்று இருந்தது. அவளது சொத்தைக் கவர விரும்பிய சுற்றத்தார் அவளுக்கு மயக்க மருந்தூட்டி, வேறொரு பெயரால் ஒரு காப்பகத்தில் அடைத்து, அவள் இறந்தாளென ஊரை நம்புவித்தனர். வெளிவந்து, "யானே அவள்" என்று அவள் முறையிட்டும், நியாய மன்றம் அவள் பெயரை இறுதிவரை அவளுக்கு மீட்டளிக்கவில்லை.

முறையும் பொருளும் கூடிப் பிறந்த நூலே 'வெள்ளுடை மாது'. அது டிக்கென்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்டு வரை தொடர்ந்து வெளிவந்தது. லாரா என்னும் செல்வ மகள் இருபதினாயிரம் பவுனுக்கு உரியவள். அவளுடைய கணவனும் அவன் நண்பனாகிய பாஸ்கோ பிரபுவும் அப்பொருளின்மேல் நாட்டம் வைத்தனர். உருவத்தில் அவளை ஒத்த நோயாளிப் பெண் ஒருத்தி இறக்க, அவளை லாராவின் பெயராற் புதைத்து, லாராவை அவள் பெயராற் பித்தர் விடுதியில் அடைத்தனர். கல்லறையில் தன் பெயர் பொறித்திருக்க உயிரோடு நிற்பவளை எந்த மன்றம் ஏற்கும்? கதையில் வரும் ஓவிய ஆசிரியர், சாட்சிகளின் எழுத்துரைகளைத் திரட்டி, "லாரா இறந்ததாகப் பதிந்த நாளுக்கு மறுநாளே அவள் தன் வீட்டை விட்டுப் புறப்பட்டாள்" என்று நிறுவுகின்றார். தேதி ஒன்றே அவளை மீட்கின்றது.

ஈண்டு ஒரு சுவையான செய்தி உளது. தேதியே உயிர்நிலையாகிய இக்கதையில் ஆசிரியரே தேதியிற் பிழைத்திருந்தார்! நாட்கணக்கு இரு வாரம் பிறழ்ந்துள்ளதென 1860-இல் 'டைம்ஸ்' பத்திரிகையின் மதிப்புரை எடுத்துக்காட்டிற்று. காலின்ஸ் பிழையை ஒப்பி அடுத்த பதிப்பில் திருத்தினார். குறுக்கு விசாரணைக்கு அஞ்சாத நற்சாட்சிக்கு அது அடையாளம்.

நிற்க. 1868-இல் வெளிவந்த 'சந்திரகாந்தக் கல்' உள்ளத்தின் ஆழத்தை இன்னும் நுணுகி ஆராய்வது. அது நம் பாரத நாட்டோடும் தொடர்புடையது. 1799-இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபோது ஆங்கில வீரனொருவன் கொலைசெய்து கவர்ந்த வைரமே கதைக்கு வித்து. பின்னாளில் இங்கிலாந்தில் ஒரு மாளிகையில் அவ்வைரம் களவு போகின்றது. கள்வனைத் தேடி ஊக்கத்துடன் உழைக்கும் இளைஞன், முடிவில் வைரத்தை எடுத்தவன் தானே என்று காண்கின்றான்! மருத்துவர் ஒருவர் அவனறியாது அபினிக் கலவையை ஊட்டியிருந்தார்; அம்மயக்கத்தில், வைரத்தைக் காக்கும் கருத்தாலேயே, அதனை அவன் எடுத்தான். விழித்தபின் ஒன்றும் நினைவில் இல்லை. கை செய்ததை மனம் அறியாதாயின் குற்றம் யாருடையது? கருத்தின்றிக் குற்றமில்லை எனச் சட்டநூல் ஒரு வரியிற் கூறுவதை, ஒருவன் நெஞ்சு படும் பாடாகக் காலின்ஸ் விரித்துக் காட்டினார். தாமும் மூட்டு நோயின் கொடுமையால் அம்மருந்தைப் பன்னாள் உட்கொண்டவராதலின், அம்மயக்கத்தின் இயல்பு அவருக்குக் கேள்வியறிவு அன்று. பேயும் பிசாசும் வேண்டாமலே மயிர்க்கூச்செறியச் செய்யும் வல்லமை இது.

அந்நாளைய இங்கிலாந்தில், மணந்த பெண்ணின் சட்ட உரிமை கணவனது உரிமையுள் மறைந்துபோயிற்று. அவளது சம்பாத்தியத்திற்கு 1870-ஆம் ஆண்டுச் சட்டமும், சொத்து முழுமைக்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை அளித்தன. கதையே சட்டத்தை மாற்றிற்று எனக் கூறோம். அதற்குப் பலர் பல்லாண்டு உழைத்தனர். ஆனால் லாராவின் துயரை வாரந்தோறும் வீட்டில் உரக்கப் படித்துக் கேட்டோர், ஒரு பெண்ணின் பெயரும் பொருளும் எத்துணை எளிதிற் பறிபோகும் என்பதை உணராதிருத்தல் இயலாது.

காலின்ஸ் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்தார். நியாய மன்றத்தில் அவர் ஒரு வழக்கும் பேசினாரல்லர். ஆயினும், பிரெஞ்சுச் சீமாட்டிக்கு நியாயத் தலங்கள் மறுத்த பெயரைக் கதையில் லாராவுக்கு மீட்டளித்தார். அன்பர்களே, சட்டம் கற்ற மைந்தன் எழுதுகோல் ஏந்துவானாயின், கற்றது கெட்டதென்று இரங்கற்க. அவன் எழுதியதை முதலில் ஒருமுறை படித்துப் பாருங்கள். சாட்சியைக் கேளாது தீர்ப்புரைத்தல் நமக்கும் தகாது.