துளசி போட்ட சிக்கன்... தாய்லாந்து 'பாட் கிராபாவ் கை' வீட்டிலேயே செய்யலாம்!

'இன்னிக்கு என்ன சாப்பிடறது?'னு யோசிச்சு எதுவுமே தோணலையா? தாய்லாந்துக்காரர்கள் அந்த நேரத்தில் சட்டென்று சொல்லும் ஆர்டர், பாட் கிராபாவ். யோசனை தீர்ந்துபோனவர்களின் சாப்பாடு என்று அங்கே இதைக் கிண்டலடிப்பதும் உண்டு. சூடான சாதம், காரசாரமான சிக்கன், மேலே ஓரம் மொறுமொறுன்னு பொரிந்த முட்டை. அவ்வளவுதான் மேட்டர்.

'பாட்' என்றால் அதிக தீயில் கிளறுவது. 'கை' என்றால் கோழி. 'கிராபாவ்'? நம்ம துளசியேதான். தாவரவியல்படி இரண்டும் ஒரே இனம். ஆனால், பல ரெசிப்பி வீடியோக்களில் 'தாய் பேசில்' என்று போடுகிறார்களே, அது வேறு. அதன் பெயர் ஹொராபா. லேசாகச் சோம்பு வாசனை அடிக்கும். சப்ஜா விதை தரும் நம்ம திருநீற்றுப்பச்சிலையின் இனம் அது. கிரீன் கறிக்கு ஓகே. இந்த டிஷ்ஷுக்கு, கிராம்பும் மிளகும் கலந்த மாதிரி சுள்ளென்று ஏறும் துளசி வாசம்தான் உயிர்.

'சாமிக்கு வெச்ச செடியில பறிச்சு சிக்கன்ல போடுவியா?'ன்னு வீட்டில் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். தாய்லாந்தில் அது சமையலறைச் செடி, நமக்கு அப்படியில்லை. சமையலுக்கென்று தனித் தொட்டியில் ஒன்று வளர்த்துக்கலாம். அதுக்கும் மனசு ஒப்பலைன்னா திருநீற்றுப்பச்சிலை போடுங்க. சுவை நல்லாவே இருக்கும், ஆனா கிராபாவ்னு சொல்லிக்க முடியாது.

இரண்டு பேருக்கு 300 கிராம் எலும்பில்லாத தொடைக்கறி போதும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். மிக்ஸியில் அரைக்காமல், கத்தியால் பொடியாகக் கொத்துங்கள், கடிபட வேண்டும். 6 பல் பூண்டு, 6 காந்தாரி மிளகாயை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். (அங்கே போடும் குட்டி மிளகாய்க்குத் தாய் மொழியில் எலிப்புழுக்கை மிளகாய் என்று பெயர். சாப்பிடும்போது ஞாபகம் வராமல் இருக்கணும்!)

ஒரு கிண்ணத்தில் ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், ஃபிஷ் சாஸ் 2 டீஸ்பூன், சோயா சாஸ் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன் கலந்து வையுங்கள். ஃபிஷ் சாஸ் என்றால் பயப்பட வேண்டாம். நெத்திலி மாதிரி சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. பாட்டிலில் மோந்து பார்த்தால் தலைதெறிக்க ஓடத் தோன்றும். சூட்டில் பட்டதும் கருவாட்டுக் குழம்பு ருசி மாதிரி அடங்கிவிடும். மூன்று சாஸிலும் உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

இரும்புக் கடாய் லேசாகப் புகையும் வரை காயட்டும். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, இடித்த விழுதைப் போட்டு 20 விநாடி கிளறுங்கள். நெடி ஏறும், எக்ஸாஸ்ட் ஃபேனை முன்னாடியே போட்டுடுங்க. அடுத்து சிக்கன். வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்பு மாதிரி வராது; மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்த கறியாகிவிடும். அதனால், விழுதையும் சேர்த்து எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துச் சமையுங்கள். பரப்பிவிட்டு, அடி லேசாகச் சிவந்த பிறகு கிளறி, முழுசாக வேகவிட்டு சாஸ் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் சுண்டிவிடும்.

அடுப்பை அணைத்ததும் ஒரு கைப்பிடி துளசி இலை. நம்மூர் துளசியில், முக்கியமாகக் கருந்துளசியில், மருந்து வாசம் தூக்கலாகத் தெரியலாம். முதல் தடவை அரைக் கைப்பிடியோடு நிறுத்திக்குங்க. ஒரு புரட்டு புரட்டினால் போதும்.

வெங்காயம், பீன்ஸ், பேபி கார்ன் எல்லாம் சேர்க்கலாமா? பாங்காக் கடைகளிலேயே சேர்க்கிறார்கள். 'இதெல்லாம் கிராபாவே இல்லை'ன்னு சண்டைக்கு வருபவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பொடியாக நறுக்கிய காராமணிக்காய் கொஞ்சம் போட்டால் தப்பில்லை. குடைமிளகாயும் கார்ன்ஃப்ளாரும் போட்டால் சில்லி சிக்கன் பக்கம் போயிடும்.

முட்டையை நிறைய எண்ணெயில், வெள்ளை உப்பி ஓரம் பழுப்பாகும்படி பொரியுங்கள். தொட்டுக்க, ஃபிஷ் சாஸில் நறுக்கிய மிளகாயும் எலுமிச்சைச் சாறும். நேரம் ஆனால் துளசி கறுத்து, வாசம் போய்விடும். அதனால் சாதம் வடித்து, முட்டையும் பொரித்து வைத்த பிறகு சிக்கனுக்குக் கடாயை ஏத்துங்க.