சுங்கை பூலோவில் குழந்தைகளும் வாழ்ந்த நகரம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்குப் பெற்றோருக்கு ஒரே கேள்வி: பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? ஜூ நெகாரா பார்த்தாகிவிட்டது, சன்வே லகூனில் நனைந்தாகிவிட்டது. 2012-ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவின் முத்தியாரா டாமன்சாராவில் கிட்ஸானியா திறக்கப்பட்டபோது அந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு பதில் கிடைத்தது. சறுக்குமரமும் ஊஞ்சலும் இல்லாத விளையாட்டிடம் அது. கூரைக்குக் கீழே ஒரு முழு நகரம். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற கட்டடங்கள், வங்கி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம்.

அந்த நகரத்துக்குள் போகும் பிள்ளைக்கு முதலில் ஒரு காசோலை தரப்படும். அதை வங்கியில் மாற்றினால் ‘கிட்ஸோஸ்’ என்ற அந்நகரத்து நாணயம் கிடைக்கும். ரொட்டி சுடலாம், நோயாளியைப் பார்க்கலாம், தீப்பிடித்த ஓட்டலுக்குத் தண்ணீர் பீய்ச்சலாம்; வேலை செய்தால் சம்பளம் உண்டு. சம்பாதித்ததைச் செலவும் செய்யலாம். ஆனால் அந்தப் பணம் வாசலுக்கு வெளியே செல்லாது. பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டப்படும். அழைத்து வந்த பெரியவரின் பட்டையோடு அது பொருந்தினால்தான் பிள்ளை வெளியே போக முடியும். பெற்றோருக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு எதுவென்று கேட்டால், பலர் இந்தப் பட்டையைத்தான் சொல்வார்கள்.

இந்த எண்ணம் மெக்சிகோவிலிருந்து வந்தது. 1999-இல் மெக்சிகோ நகரத்தின் சாந்தா ஃபே வட்டாரத்தில் முதல் கிட்ஸானியா திறக்கப்பட்டது. பிள்ளைகளின் அளவுக்கு நகரம் கட்டும் ஆசை அதைவிடப் பழையது. அர்ஜென்டினாவில் லா பிளாட்டா நகருக்கு அருகே 1951-இலேயே ‘குழந்தைகள் குடியரசு’ என்ற பெயரில் ஒரு பூங்காவை அரசாங்கம் கட்டியது. சிறிய நாடாளுமன்றம், சிறிய நீதிமன்றம், சிறிய வங்கி, ஓடுவதற்கு ஒரு குட்டி ரயில். அதிபர் பெரோனின் ஆட்சிக்காலம் அது. குடிமக்களைச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும் என்று எல்லா அரசாங்கங்களுக்கும் ஓர் ஆசை இருக்கத்தான் செய்கிறது.

முத்தியாரா டாமன்சாராவிலிருந்து காரில் புறப்பட்டால் அதிக நேரம் ஆகாது, சுங்கை பூலோ வந்துவிடும். வார இறுதிகளில் குடும்பங்கள் அங்கே போவது பூஞ்செடி வாங்க. சாலையின் இருபுறமும் நர்சரிகள். காகிதப்பூவும் செம்பருத்தியும் மண்சட்டியும் உரமும் வாங்கிக் கொண்டு திரும்புவார்கள். அந்த நர்சரிகள் இருக்கும் நிலமே ஒரு காலத்தில் தனி நகரமாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தனிப் பணம், தனிக் காவல், தனிச் சிறை, தனி மன்றம், தனிப் பள்ளிக்கூடம் எல்லாம் வைத்திருந்த நகரம் அது. 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு.

அதற்கு முன் கோலாலம்பூர் வட்டாரத்துத் தொழுநோயாளர்கள் செத்தாபாக்கில் ஒரு காப்பகத்தில் அடைபட்டிருந்தார்கள். காப்பகம் என்பது மரியாதைக்குச் சொல்லும் பெயர். அங்கே பொறுப்பேற்ற டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவருக்கு அந்த நிலை பொறுக்கவில்லை. நோயாளியைக் கைதி போல நடத்தினால் அவன் மருந்துக்கு எப்படி வருவான் என்பது அவருடைய வாதம். அந்நாளில் இருந்த மருந்தோ ஒருவகை விதை. தமிழ் வைத்தியர்கள் நீரடிமுத்து என்று சொல்லும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த அந்த விதையைச் சீன வைத்தியரும் பயன்படுத்தி வந்தனர். டிராவர்ஸ் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

1926-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. நோய் கண்டவரைப் பற்றி அறிவிக்க வேண்டும், அவர் தனி இடத்துக்குப் போயாக வேண்டும். இந்தக் கட்டாயத்தையும் டிராவர்ஸ் போன்றோரின் பரிவையும் சேர்த்துக் கட்டியதுதான் சுங்கை பூலோ. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் 1898-இல் முன்வைத்த ‘பூங்கா நகர’ எண்ணத்தை அதன் அமைப்பில் பார்க்கலாம். பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 560 ஏக்கர் நிலம், சுற்றிலும் குன்றுகள். நீண்ட கொட்டகை வார்டுகளுக்குப் பதிலாகச் சிறு சிறு வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீனக் கோயில். நோயாளிகளே மன்றத்தில் இருந்தார்கள், நோயாளிகளே காவல் பார்த்தார்கள். உலகத்திலேயே இரண்டாவது பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு என்று அது பேசப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அந்த நகரத்துக்கும் சொந்தப் பணம் இருந்தது. 1936-இல் குடியிருப்பு மன்றத்தின் பெயரில் நோட்டுகள் அச்சிடப்பட்டன. நோயாளியின் கை பட்ட பணம் வெளியே போனால் நோயும் போகும் என்ற பயம்தான் காரணம். சுங்கை பூலோ மட்டும் இப்படிச் செய்யவில்லை. கொலம்பியாவில் 1901-இலும் பிலிப்பைன்ஸின் கூலியன் தீவில் 1913-இலும் தொழுநோயாளருக்கென்றே நாணயம் அடித்திருக்கிறார்கள். கிட்ஸோஸ் போலவே இந்தப் பணமும் வாசலைத் தாண்டாது. விளையாட்டு நகரத்தில் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். சுங்கை பூலோவில், அந்த நோட்டை வைத்திருந்த மனிதரும் வாசலைத் தாண்ட முடியாது.

அங்கே போனவர்களில் நம்மவர் எத்தனையோ பேர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒருவருக்குக் கையில் உணர்ச்சியில்லாத ஒரு தேமல். தோட்டத்து டிரஸர் கண்ணில் பட்டால் போதும். ‘பெருவியாதி’ என்ற சொல்லை லயத்து வரிசையில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஆள் போய்விடுவார், பெயரும் வீட்டுப் பேச்சிலிருந்து போய்விடும். எழுத்தில் இல்லாத இந்த வரலாறுதான் சுங்கை பூலோவைப் பற்றித் தமிழில் அதிகம் படிக்கக் கிடைக்காததற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். நோய் கண்ட சிறுவர் சிறுமியரைப் பெற்றோர் இல்லாமல் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவர்களுக்குத் தனி விடுதி, டிராவர்ஸ் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம். சாரணர் படையும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நல்ல உறைவிடப் பள்ளி. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களிலும் நோயாளிகள் உண்டு. இதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது. ஊரில் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு அங்கே பக்கத்தில் உட்கார ஒரு நண்பன் கிடைத்தான், எழுதப் பலகை கிடைத்தது. ஆனால் விடுமுறை என்று ஒன்று வந்து அம்மா அழைத்துப் போகும் நாள் அவனுக்கு இல்லை.

இன்னொரு வகைப் பிள்ளைகளின் கதை அதைவிடக் கடினமானது. சுங்கை பூலோவில் நோயாளிகள் திருமணம் செய்து கொண்டு வாழ்ந்தார்கள். ஆனால் பிறக்கும் குழந்தையைத் தங்களிடம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. குழந்தை உடனே பிரிக்கப்பட்டு, குடியிருப்பின் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும். வெளியில் இருக்கும் உறவினர் வந்து வாங்கிக் கொண்டால் சரி. யாரும் வராவிட்டால் தத்துக் கொடுக்கப்படும். தொழுநோய் பரம்பரையாக வருவதல்ல. கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டுவிட்டார். பெரும்பாலானோரின் உடம்புக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே இருக்கிறது என்பதும் இன்று தெரிந்த விஷயம். அன்று பயம் பெரிது, சிசுவுக்கு ஒட்டிவிடும் என்ற கவலையும் பொய்யல்ல. அந்தக் கவலைக்கு விலை கொடுத்தவர்கள் பெற்றவர்கள்.

ஜப்பானியர் காலத்தில் உணவும் மருந்தும் இன்றிக் குடியிருப்பில் ஏராளமானோர் இறந்தார்கள். போர் முடிந்தபின்தான் உண்மையான மருந்து வந்தது. சல்ஃபோன் வகை மருந்தை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டு, மோல்ஸ்வொர்த், நாராயணசாமி முதலிய மருத்துவர்கள் 1940-களின் இறுதியில் சுங்கை பூலோவில் கண்ட பலனை மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். பிறகு அங்கே ஆராய்ச்சிப் பிரிவும் அமைந்தது. டாப்சோன் மருந்துக்குக் கிருமி பழகிப்போய்த் தப்பித்துக் கொள்கிறது என்பதை 1964-இல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது சுங்கை பூலோ நோயாளிகளிடம் செய்த ஆய்வுதான். ரிஃபாம்பிசின் மருந்தின் தொடக்கச் சோதனைகளும் அங்கே நடந்தன. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறைக்கு இந்த ஆய்வுகளும் வழிவிட்டன. உலகில் கோடிக்கணக்கானோர் அந்த முறையில் குணமானார்கள். தப்பித்துப் போக முடியாதவர்களின் உடம்பிலிருந்து வந்த அறிவு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குணமான பிறகும் பலர் வெளியே போகவில்லை. போக ஊர் இல்லை, கூப்பிட ஆள் இல்லை. வீட்டைச் சுற்றிப் போட்ட தோட்டம்தான் பிழைப்பானது. அதுவே வளர்ந்து இன்றைய நர்சரிகள். 2007-இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டன. அங்கே வயதான காலத்தில் இரண்டாம் முறை இடம் மாற்றப்பட்டவர்கள் உண்டு. எதிர்ப்புக் குரல் எழுந்ததால் மிச்சப் பகுதிமீது கவனம் திரும்பியது. 2018-இல் ஒரு கதைக்கூடம் திறக்கப்பட்டது. 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சுங்கை பூலோவின் பெயர் ஏறியது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று இப்போது அதை அழைக்கிறார்கள். நல்ல பெயர்தான், சற்று அதிகமாகவே நல்ல பெயர்.

இங்கே பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று பெற்றோர் தயங்குவது உண்டு. நோய் ஒட்டும் என்ற பயம் என்றால் அதற்குக் காரணமே இல்லை. அங்கே இருக்கும் முதியவர்கள் எப்போதோ குணமானவர்கள். பிள்ளை மனம் நோகும் என்ற கவலை என்றால், அது யோசிக்க வேண்டியதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சின்ன வீடுகளும் மரங்களும் தனி நோட்டும் போதும். எட்டு, ஒன்பது வயதில் அதுவே கேட்கும், இந்த ஊரில் இருந்த பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்று. கிட்ஸானியாவில் மணிக்கட்டுப் பட்டை கட்டியிருந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக வரும். பதிலைச் சர்க்கரை தடவிச் சொல்லத் தேவையில்லை. முதியவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தத்துப் போன பிள்ளைகளில் சிலர் நடுவயது தாண்டிய பிறகு பெற்றவர்களைத் தேடி வந்தார்கள். ‘தி வே ஹோம்’ என்ற நூல் முன்னாள் நோயாளிகளையும் அவர்களின் வாரிசுகளையும் பற்றிப் பேசியது. இடிப்பைப் பற்றிய செய்திகளும் சேர்ந்து இந்தத் தேடலை வெளியே கொண்டு வந்தன. சிலருக்குத் தாயைப் பார்க்கக் கிடைத்தது. சிலர் வந்து சேர்ந்தபோது கல்லறையும் பதிவேட்டில் ஒரு வரியும்தான் இருந்தன. வளர்ப்புப் பெயரோடு வளர்ந்து, தாம் பிறந்த இடம் சுங்கை பூலோ என்பதே தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம், விடுமுறைக்கு எங்கே அழைத்துப் போவது என்று அவர்களும் யோசித்துக் கொண்டிருக்கலாம்.